ஓரம் காய்ந்த துளி

விழுகிற துளிக்கு வால் கிடையாது. கண்ணீர், மழை, ரத்தம் எதுவானாலும் படம் வரைகிறவர்கள் மேலே கூராகவும் கீழே பருத்தும் வரைகிறார்கள். காற்றில் இறங்கும் துளி உண்மையில் உருண்டையாகத்தான் இருக்கிறது. பரப்பு இழுவிசை அதை எல்லாப் பக்கமும் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறது. காயத்திலிருந்து தானாகச் சொட்டும் ஒரு ரத்தத் துளி ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் இருக்கும். குறுக்களவு நாலரை மில்லிமீட்டர். தண்ணீரைவிட நான்கு மடங்கு பாகுத்தன்மை கொண்டது என்பதால் வழியில் எளிதில் உடைவதில்லை. கீழே தொடுகிற வரைக்கும் அதற்கு ஒரே வடிவம்தான்.

தொட்ட பிறகு தரையின் குணமும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடியிலோ வழவழப்பான ஓட்டிலோ விழுந்தால் நல்ல வட்டம், சுத்தமான விளிம்பு. அதே துளி அதே உயரத்திலிருந்து சொரசொரப்பான சிமெண்டில் விழுந்தால் ஓரமெல்லாம் முள்ளாக விரிந்து சுற்றிலும் பொடித் துளிகளைச் சிதறவிடும். முள்ளைப் பார்த்த உடனே 'வேகமாக வந்த ரத்தம்' என்று சொல்லத் தோன்றும். முதலில் தரையைத் தடவிப் பார்க்க வேண்டும்.

ரத்தக் கறை ஆய்வு என்ற இந்தத் துறையைப் பற்றி நான் படித்ததில் என்னை நிறுத்திய முதல் இடம் இது. கறையைப் படிக்கிறவர் பாதிக்குமேல் படிப்பது கறை விழுந்த இடத்தை.

*

கடலூர் – பண்ருட்டிச் சாலையில், எங்கள் நெல்லிக்குப்பத்தில், பாரி சர்க்கரை ஆலை இருக்கிறது. 1842இல் தொடங்கியதாக அதன் வரலாறு சொல்கிறது. அரைவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் உள்ளே போகும், மொலாசஸ் ஏற்றிய டேங்கர்கள் வெளியே வரும். வால்வு சரியாக மூடாத டேங்கர் ஒன்று கேட் அருகே நின்றால், நின்ற இடத்தில் வட்ட வட்டமாகச் சொட்டும். நகரத் தொடங்கியதும் சொட்டுகள் நீளும். வண்டி போன பக்கமே ஒவ்வொன்றின் கூர்முனையும் நீண்டிருக்கும். டேங்கரைப் பார்க்காதவன்கூட அது கடலூர்ப் பக்கம் போயிற்றா பண்ருட்டிப் பக்கம் போயிற்றா என்று சொல்லிவிடலாம்.

ரத்தத்திலும் வால் காட்டும் திசைதான் அது போன திசை. சாய்வாக வந்து மோதும் துளி நீள்வட்டமாகப் படிகிறது. அகலத்தை நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், மோதிய கோணத்தின் சைன் மதிப்பு. அகலம் 6 மில்லிமீட்டர், நீளம் 12 என்றால் விடை 0.5, கோணம் 30 டிகிரி. பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. பிரான்சின் விக்டர் பல்தசார் 1939இல் இந்த உறவை முன்வைத்தார். பல கறைகளின் நீள அச்சுகளைப் பின்னோக்கி நீட்டினால் அவை சேரும் ஒரு பகுதி கிடைக்கும். கோணத்தையும் சேர்த்தால் அந்தப் பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதும் கிடைக்கும். முன்பெல்லாம் சுவரிலிருந்து நூல் கட்டிப் பார்த்தார்கள். இப்போது லேசர் ஸ்கேனரும் கணினியும் அதைச் செய்கின்றன.

கணக்கு எவ்வளவு அழகோ அவ்வளவு கவனமும் கேட்கிறது. நூல் நேராகப் போகும், துளி நேராகப் போகாது. புவியீர்ப்பு அதை வளைக்கிறது, காற்று பிடித்து இழுக்கிறது. ஆகவே நூல் காட்டும் இடம், ரத்தம் உண்மையில் கிளம்பிய இடத்தைவிட மேலே விழுகிறது. உட்கார்ந்திருந்தவர் நின்றிருந்ததாகத் தோன்றலாம். நின்றவரை அடித்தார்களா, தரையில் கிடந்தவரை அடித்தார்களா என்பது ஒரு வழக்கின் உயிராக இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை.

இன்னொன்றும் உண்டு. வட்டத்தை நெருங்க நெருங்கக் கோணம் நழுவுகிறது. அகல – நீள விகிதம் 0.98 என்றால் கோணம் 78 டிகிரிக்குச் சற்று மேல், 0.95 என்றால் 72க்குச் சற்றுக் கீழ். அளவெடுக்கும்போது ஒரு மயிரிழை பிசகினால் ஆறேழு டிகிரி மாறிவிடும். பார்ப்பதற்கு மிக ஒழுங்கான கறைதான் மிகக் குறைவாகச் சொல்கிறது. இதை எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

*

வகைகள்.

தானாக விழுவது ஒரு குடும்பம்: சொட்டு, வழிவு, தேக்கம், துணியில் ஊறியது. விசையால் சிதறுவது இன்னொன்று: அடிபட்ட இடத்திலிருந்து தெறிப்பது, ஓங்கிய ஆயுதத்திலிருந்து உதறிப்போவது, அறுந்த நாடியிலிருந்து துடிப்புக்குத் துடிப்பு பீச்சுவது, மூக்கு வாயிலிருந்து மூச்சோடு வெளியே வருவது. பட்டு ஒட்டுவது மூன்றாவது: ரத்தக் கை சுவரில் பதிவது, ரத்தம் தோய்ந்த கூந்தல் தலையணையில் இழுபடுவது, ஏற்கெனவே கிடக்கும் ரத்தத்தை யாரோ துடைப்பது.

பிறகு, கறையே இல்லாத இடம். சுற்றிலும் தெறித்திருக்க நடுவில் மட்டும் ஒரு வெற்றுருவம் இருந்தால், அங்கே ஏதோ ஒன்றோ யாரோ ஒருவரோ நின்று அந்தத் துளிகளைத் தங்கள் மேல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாற்காலியோ அந்த மனிதரோ இப்போது இல்லை.

ஓங்கிய ஆயுதம் உதறியதில் கூரையில் படிந்த வீச்சுக் கோடுகளை எண்ணினால் குறைந்தபட்சம் எத்தனை முறை ஓங்கினார்கள் என்று சொல்லலாம். அதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் முதல் அடியில் பெரும்பாலும் ஆயுதத்தில் ரத்தம் ஏறியிருக்காது. இந்த 'ஒன்றைக் கூட்டு' என்ற விதியைப் படிக்கும்போதெல்லாம் அதன் வறண்ட கணக்குக்குள் இருக்கும் மனிதர் என் கண்ணில் படுகிறார். கூட்டவேண்டிய அந்த ஒன்று அவர் வாங்கிய முதல் அடி.

முன்பு வேகத்தை வைத்துப் பிரித்தார்கள்: குறை வேகம், நடு வேகம், மிகு வேகம். பொடித் துளி என்றால் துப்பாக்கி, நடுத்தரம் என்றால் தடி. கேட்க எளிமையாக இருந்தது. ஆனால் பொடித் துளி துப்பாக்கியால் மட்டும் வருவதில்லை. மார்பில் அடிபட்டவர் இருமினாலும் வரும். ரத்தத்தில் நடந்துபோன ஈ, உண்டதைக் கக்கிக் கழித்து, விளக்கு மாட்டிய சுவரில் புள்ளி வைத்தாலும் வரும். அளவு ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாகிவிடாது. அதனால் இப்போதைய கலைச்சொல் வழக்கு அந்த வேகப் பிரிவினையைக் கைவிட்டுவிட்டது. எனக்கு இது நல்ல செய்தியாகப் பட்டது. தன் பெயர்கள் தகுதிக்கு மீறிப் பேசுவதை உணர்ந்து திருத்திக்கொள்ளும் துறையை நம்பலாம்.

*

நெய்வேலிக்குப் போகிற வழியில் வடலூர். வள்ளலார் 1872இல் திறந்த சத்திய ஞானசபை அங்கே இருக்கிறது. கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே வரவேண்டும் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சபை திறந்து 23 ஆண்டுகள் கழித்து, 1895இல், எடுவர்ட் பியோத்ரோவ்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு நூல் வெளியிட்டார். தலையில் அடிபட்ட காயங்களிலிருந்து ரத்தக் கறைகள் எப்படி உண்டாகின்றன, எந்த வடிவில், எந்தத் திசையில் பரவுகின்றன என்பதுதான் நூலின் பொருள். வெள்ளைத் திரைகளுக்கு முன்னே உயிருள்ள முயல்களை வைத்துச் சுத்தியலாலும் கல்லாலும் அடித்து, தெறித்ததை வரைந்து பதிவு செய்தார். முதலடியில் வீச்சுக் கறை வராது என்பதுபோன்ற அறிவெல்லாம் இப்படித்தான் சேர்ந்தது. இன்றைக்குச் செய்யும் பரிசோதனைகளில் கெடு முடிந்த தானரத்தத்தையோ இறைச்சிக்கூடத்துப் பன்றி ரத்தத்தையோ பயன்படுத்துகிறார்கள்.

கொலையைக் கண்டுபிடிக்கும் கலை கொலையில் தொடங்கியது. அந்த முயல்களுக்குப் பெயர் இருந்திருக்காது. வடலூர் வாசலில் அவருக்கு இடமில்லை என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை, அவர் எழுதி வைத்ததால் தூக்குக்குப் போகாமல் தப்பியவர்களும் இருக்கக்கூடும். ஆனாலும் நூலின் அந்தப் பக்கங்களை நினைக்கும்போது மனம் ஒருமுறை கைகூப்புகிறது, அவரை நோக்கி அல்ல.

*

நம் தெருவில் சிவப்பு நிறையக் கிடக்கிறது. மாப்பிள்ளை பெண் வந்து இறங்கியதும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தியைச் சுற்றி வாசலில் கொட்டுகிறோம். ஆயுத பூஜையன்று குங்குமம் வைத்த பூசணிக்காய் நாற்சந்தியில் சிதறிக் கிடக்கிறது. சுவர் மூலையெல்லாம் வெற்றிலைச் சாறு. பண்ருட்டிப் பக்கம் மண்ணே சிவப்பு. முந்திரித் தோப்பின் செம்மண்ணில் ரத்தம் விழுந்து ஒரு பொழுது வெயில் பட்டால் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது.

அதனால் முதல் கேள்வி, இது ரத்தமா என்பது. பினாப்தலின் சோதனை இளஞ்சிவப்பாக மாறினால் இருக்கலாம் என்று அர்த்தம், இருக்கிறது என்றல்ல. சில காய்கறிச் சாறுகளும் செம்பு உப்புகளும் அதே நிறத்தைத் தரும். இருட்டில் லூமினால் தெளித்தால் கழுவிய ரத்தம் நீலமாக ஒளிரும், பிளீச்சிங் பவுடர் போட்ட தரையும் ஒளிரும். அடுத்த கேள்வி மனித ரத்தமா என்பது. அதற்கு வழி 1901இல் ஜெர்மனியில் உலென்ஹூத் கண்டுபிடித்த சோதனையால் பிறந்தது. யாருடையது என்ற கேள்வி அதற்கும் அப்புறம்.

சென்னையில் 1849லேயே வேதியியல் ஆய்வாளரின் கூடம் தொடங்கிவிட்டது, முக்கியமாக விஷங்களைக் கண்டறிய. கல்கத்தாவில் 1910இல் ரத்தநீரியல் ஆய்வாளர் துறை வந்தது. பழைய தீர்ப்புகளைப் படித்தால் இந்த இரண்டு அலுவலகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்க்கலாம். இங்கே 'ரத்தம்' என்று சொல்வார்கள், 'மனித ரத்தம்' என்று கல்கத்தா சொல்லும். சில சமயம் 'சிதைந்துவிட்டது, மூலம் சொல்ல இயலவில்லை' என்று பதில் வரும். வேட்டி மூட்டையில் கிடந்து, நீதிமன்ற அலமாரியில் கிடந்து, ரயிலில் போய்ச் சேர்வதற்குள் ரத்தம் சாட்சி சொல்லும் நிலையைக் கடந்திருக்கும்.

அந்தத் தீர்ப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த சொற்றொடர் ஒன்று உண்டு. 'ரத்தம் தோய்ந்த மண், ரத்தம் இல்லாத மண்.' காவல் ஆய்வாளர் பார்வை மகஜர் தயாரித்து, மாதிரி வரைபடம் போட்டு, கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தோடு இரண்டு மண்ணையும் தனித்தனியாகக் கைப்பற்றுகிறார். சிமெண்ட் தரையானால் கறை படிந்த பெயர்ப்பு ஒன்று, கறை படியாத பெயர்ப்பு ஒன்று. எதுவும் நடக்காத மண்ணையும் பொட்டலம் கட்டி முத்திரை வைத்து அனுப்புகிறார்கள். சோதனையில் தெரிவது ரத்தத்தால் வந்ததா அல்லது அந்த மண்ணுக்கே உள்ள குணமா என்று பிரிக்க, சும்மா கிடந்த மண் வேண்டும். அறிவியலின் நேர்மை முழுவதும் அந்த இரண்டாவது பொட்டலத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

எட்டுப் புள்ளிகளைப் பற்றி எழுதியாக வேண்டும்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், 2000 செப்டம்பர் 28. மாநிலக் காவலர் வேலையிலிருந்து விலகிச் சில மாதமே ஆகியிருந்த டேவிட் காம் கூடைப்பந்து விளையாடிவிட்டு இரவு வீடு திரும்பினார். கார் நிறுத்துமிடத்தில் மனைவியும் ஏழு வயது மகனும் ஐந்து வயது மகளும் சுடப்பட்டுக் கிடந்தார்கள். மகனுக்கு உயிர் இருக்கலாம் என்று நினைத்துக் காருக்குள்ளிருந்து தூக்கி வெளியே கிடத்தி மூச்சு ஊதிப் பார்த்ததாகச் சொன்னார். அவருடைய டி-சட்டையின் கீழ் ஓரத்தில் மகளின் ரத்தம் எட்டுச் சிறு புள்ளிகளாக இருந்தது.

அரசுத் தரப்பு நிபுணர்கள் சொன்னார்கள்: இது குண்டு பாய்ந்தபோது பின்னால் தெறித்தது, சட்டை போட்டிருந்தவர் சுடும்போது அங்கே இருந்தார். எதிர்த் தரப்பு நிபுணர்கள் சொன்னார்கள்: மகனை எடுக்கக் குனிந்தபோது மகளின் ரத்தம் தோய்ந்த முடிநுனிகள் சட்டையில் பட்டு ஒற்றியது. ஒரே சட்டை, அதே எட்டுப் புள்ளிகள். இரு பக்கமும் அனுபவம் மிக்கவர்கள்.

2002இல் ஒரு ஜூரி குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி 2006இல் மறுபடியும் ஒரு ஜூரி குற்றவாளி என்றது. சம்பவ இடத்தில் கிடந்த ஒரு மேல்சட்டையில் இருந்த டிஎன்ஏ இதற்கிடையில் வேறொருவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அவனும் தண்டிக்கப்பட்டான். இரண்டாவது தீர்ப்பும் ரத்தாகி, மூன்றாவது விசாரணையில், 2013 அக்டோபரில், காம் விடுதலையானார். குடும்பத்தை இழந்த சில நாளிலேயே சிறைக்குப் போனவர், 13 ஆண்டுகள் அந்த எட்டுப் புள்ளிகளோடு வாழ்ந்தார்.

ஒரு புள்ளி எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் பொருந்தினால், இரண்டையும் சொல்வதுதான் நிபுணரின் வேலை. கோபமும் துக்கமும் நிறைந்த நீதிமன்றத்தில் 'இரண்டும் சாத்தியம், என்னால் பிரிக்க முடியவில்லை' என்று சொல்ல எவ்வளவு திடம் வேண்டும். அந்த வாக்கியத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2009இல் தடய அறிவியல்களைப் பரிசீலித்தபோது, ரத்தக் கறை ஆய்வில் உள்ள நிச்சயமின்மை மிகப் பெரிது என்று எழுதியது. அதன் பிறகு 2021இல் ஒரு பெரிய சோதனை வெளியானது. தொழிலில் இருக்கும் 75 ஆய்வாளர்களிடம் 192 கறைகள் தரப்பட்டன. அவற்றில் பல எப்படி உருவாயின என்பது சோதனை நடத்தியவர்களுக்குத் தெரியும். அப்படித் தெரிந்த கறைகளுக்கு வந்த பதில்களில் 11.2 சதவீதம் பிழை. ஒன்பதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற எட்டும் சரி என்று ஆறுதல் அடைவதா? ஒன்பதாவது நபர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதா? பிழை செய்தவர்களும் தாங்கள் சரியென்றே நினைத்து எழுதியிருப்பார்கள்.

*

நம் நாட்டில் நொய்டா. 2008இல் ஒரு சிறுமியும் அந்த வீட்டுப் பணியாளரும் கொல்லப்பட்ட வழக்கு. பணியாளரின் ரத்தம் சிறுமியின் தலையணையில் இருந்ததாகத் தரப்பட்ட தகவலை வைத்துச் சம்பவத்தை மறுகட்டமைப்புச் செய்து ஒரு அறிக்கை எழுதப்பட்டது. இருவரும் ஒரே அறையில் தாக்கப்பட்டார்கள் என்ற முடிவுக்கு அது போனது. அந்தத் தலையணை உண்மையில் பணியாளரின் அறையிலிருந்து எடுக்கப்பட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017 அக்டோபர் 12இல், அந்தக் கொலைகளுக்குத் தண்டனை பெற்றிருந்த சிறுமியின் பெற்றோரை விடுவித்தது.

அங்கே கோணமோ சைனோ தவறவில்லை. பொருள் எந்த அறையிலிருந்து வந்தது என்ற குறிப்பு தவறியது. பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டை எழுதுகிற கான்ஸ்டபிளின் கையில் இருக்கிறது எல்லாக் கணிதமும்.

*

இனி சாத்தான்குளம். தள்ளித் தள்ளி வைத்துவிட்டு இன்று எழுதுகிறேன்.

2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி வியாபாரி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தந்தையைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். மறுநாள் கோவில்பட்டிக் கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகனும் 23 அதிகாலையில் தந்தையும் இறந்தார்கள். காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கை, அவர்கள் தாங்களாகவே தரையில் உருண்டதில் ஊமைக் காயம் ஏற்பட்டதாகச் சொன்னது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் நிலையத்துக்கே போய் விசாரித்தார். அவர் கொடுத்த அறிக்கையைப் பற்றிச் செய்திகளில் வந்ததைப் படித்த தமிழர் யாரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். கண்காணிப்பு கேமராவின் வன்தட்டில் போதுமான இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்த காவலர்கள் ஒத்துழைக்கவில்லை. தலைமைக் காவலர் ரேவதி மட்டும், பயந்து பயந்து, விடிய விடிய அடித்ததைச் சொன்னார். லத்திகளிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள், உடனே எடுத்துவிடுங்கள் என்றார். நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட்டது. கறையைக் காப்பாற்ற ஒரு காவல் நிலையத்தைக் காவலர்களிடமிருந்து மீட்க வேண்டியிருந்தது.

சி.பி.ஐ. அந்த ஆண்டு செப்டம்பரில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில், தரையில் சிந்திய ரத்தத்தைத் தந்தை, மகன் உடையைக் கொண்டே பென்னிக்ஸைத் துடைக்க வைத்ததாக இருக்கிறது. சுவரிலும் லத்தியிலும் எடுத்த கறைகளின் டிஎன்ஏ இருவருடையதோடு பொருந்தியதாகவும் சி.பி.ஐ. சொன்னது.

துடைப்பு என்பது கறை வகைகளில் ஒன்று என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். விழுந்த துளியின் ஓரம்தான் முதலில் காயும், பல சமயம் ஒரு நிமிடத்துக்குள்ளேயே. காற்று, வெப்பம், தரை மூன்றையும் பொறுத்தது அது. அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் நடுப்பகுதி போய்விடும், ஓரத்து வளையம் நிற்கும். அந்த வளையத்திலிருந்து துளியின் பழைய அளவையும் கோணத்தையும்கூட எடுக்கலாம். துடைத்த கை ரத்தம் விழுந்த உடனே வரவில்லை, சற்றுப் பொறுத்து வந்தது என்பதையும் அது சொல்லும். சாத்தான்குளத்துத் தரையில் அப்படி வளையங்கள் நின்றனவா என்பதைப் பற்றி நான் பேசவில்லை. பாடநூலில் ஒரு வரியாகக் கிடந்த 'துடைப்பு' என்ற சொல்லை, இந்த வழக்குக்குப் பிறகு என்னால் வெறும் வகைப்பெயராகப் படிக்க முடியவில்லை. தன் ரத்தத்தையும் தகப்பன் ரத்தத்தையும் ஒரு மகன் குனிந்து துடைக்கிறான்.

இந்த வழக்கில் எது வேலை செய்தது என்று பார்க்கிறேன். நூல் கட்டிய கோணமோ வேகப் பிரிவினையோ என் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும்விடப் பணிவான தகவல்கள்தான்: ரத்தம் இங்கே இருக்கிறது, இவர்களுடையது. ஊமைக் காயம் சுவரில் ரத்தத்தை வைக்காது. தரையில் உருண்டவன் ரத்தம் லத்தியில் ஏறாது. இவ்வளவுதான் கறையால் சொல்ல முடிந்தது. லத்தியை ஓங்கிய கை யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல, இரண்டு பெண் குழந்தைகளின் தாயான ஒரு தலைமைக் காவலர் தன் வேலையையும் உயிரையும் பணயம் வைத்து வாய் திறக்க வேண்டியிருந்தது. கறை மட்டும் இருந்திருந்தால் அதற்கு வேறு கதை கட்டியிருப்பார்கள். அவர் மட்டும் இருந்திருந்தால் அவரைப் பொய்யர் ஆக்கியிருப்பார்கள்.

'ரத்தம் பேசும்' என்று தலைப்புப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரத்தம் பேசும் என்று நம்பிவிட்டால், பேச வேண்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொள்வார்கள்.

*

நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுகளைத் தாண்டி விருத்தாசலம் பக்கம் போனால் கம்மாபுரம், அதை ஒட்டி முதனை. 1993 மார்ச்சில் முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கு என்று கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவர் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். உடல், அடையாளம் தெரியாத பிணமாக, அன்றைய திருச்சி மாவட்டத்து எல்லைக்குள் மீன்சுருட்டிப் பக்கம் கிடந்தது. மனைவி பார்வதி உயர் நீதிமன்றம் வரை போனார். வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். நிலையத்துக்குள் கட்டிவைத்து அடித்ததைக் கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலங்கள்தான் தப்பி ஓடிய கதையை உடைத்தன.

நம் மாவட்டம். பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

*

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம். தேடுதலையும் கைப்பற்றுதலையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 105ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவுகள். நெல்லிக்குப்பத்தில் ஒரு கொலை நடந்தால் நிபுணர் வந்து சேர்வதற்குள் அந்த வாசலில் ஊரே நின்று முடித்திருக்கும். உறவினர்கள் உடலைத் தூக்கிப் பார்ப்பார்கள், மடியில் போட்டு அழுவார்கள். யாராவது ஒரு பாட்டி குழந்தைகள் பார்க்கக்கூடாதென்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றியிருப்பாள். இதில் எதையும் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அத்தனைக்கும் ஒவ்வொரு கறை உண்டு, ஒவ்வொன்றும் குற்றவாளியின் கறைபோலவே தோற்றமளிக்கும். யார் யார் உடலைத் தொட்டார்கள் என்று முதலில் வருகிற காவலர் கேட்டு எழுதிக்கொண்டால், பின்னால் ஒரு தகப்பனின் சட்டையில் உள்ள புள்ளிகளுக்கு நியாயமான விளக்கம் காத்திருக்கும்.

இன்னொரு குறை நம் வழக்கத்திலேயே இருக்கிறது. ரத்தம் தோய்ந்த மண்ணைச் சுரண்டி எடுக்கிறோம். சுரண்டிய மண்ணில் யாருடைய ரத்தம் என்பது மிஞ்சும். வட்டமா நீள்வட்டமா, வால் எந்தப் பக்கம், எத்தனை துளி, எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் டப்பாவுக்குள் விழுந்த கணமே போய்விடும். கிழித்த கடிதத்தின் காகிதத்தை மட்டும் பத்திரப்படுத்துவதற்குச் சமம். விழுப்புரத்து வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அந்த டப்பா போகும்போது அதில் வடிவம் இருக்காது. அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கைப்பேசி இல்லாத காவலர் இன்று யாருமில்லை. மண்ணில் கரண்டி இறங்குவதற்கு முன், கறைக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, சாய்க்காமல் நேர் மேலிருந்து ஒரு படம். பிறகு சற்றுத் தள்ளி நின்று, சுவரும் வாசலும் தெரிய இன்னொன்று. வடக்கு எந்தப் பக்கம் என்று ஒரு குறி. மகஜரில் அந்தப் படங்களின் எண்.